பெற்றோல் இருக்கிற நேரத்திலும்

"தொண்ணூறில பெற்றோலை விடேல்லை, சைக்கிள் ஓடினம். இருபத்திரண்டில பெற்றோல் இல்லை, சைக்கிள் ஓடினம். இப்ப செட்டுக்குச் செட்டு பெற்றோல் இருக்கு. இப்பவும் ஏன் சேர் ஓடச் சொல்லுறியள்?"

யாழ்ப்பாணத்தில் எங்கள் பிரதேச சபையின் வருமானப் பரிசோதகர் உத்தியோகத்தர் கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டது இது. 2023ஆம் ஆண்டின் கடைசிப் பகுதி. செப்டெம்பர் முதலாம் திகதியோடு, எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுத்த கியூஆர் முறையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அலுவலகத்துச் சைக்கிள் கொட்டகை மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்துத்தான் நான் அந்த விடயத்தைக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்த்திருந்தேன். கிழமையில் ஒரு நாளாவது, புதன்கிழமை என்று வைத்துக்கொள்வோம், சைக்கிளிலோ பஸ்ஸிலோ வருவோம் என்பதுதான் முன்மொழிவு. கட்டாயம் இல்லை, கையொப்பம் இல்லை.

"உடம்புக்கும் நல்லதுதானே அண்ணை" என்றேன். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இருந்துவிட்டார். அடுத்த விடயம் தெருவிளக்கு முறைப்பாடுகள், அதற்குப் போய்விட்டோம். அறிக்கைப் புத்தகத்தில் "ஆராயப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. எழுதியதும் நான்தான்.

அந்தப் பதில் எனக்கு இன்னும் இடறுகிறது. பதில் பிழை என்று சொல்லமாட்டேன். சைக்கிள் ஓடினால் உடம்புக்கு நல்லதுதான், அவருக்குச் சீனி வியாதியும் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது உடம்பைப் பற்றி இல்லை.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா, அந்த விலைக்கும் கிடையாது. அரச உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து, வீட்டில் தோட்டம் செய்யச் சொன்னார்கள். பிறகு கியூஆர், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். கிடைத்த டீசலைக் குப்பை அள்ளும் உழவு இயந்திரத்துக்கும் கழிவுநீர் பவுசருக்கும் வைத்துவிட்டு நாங்கள் எல்லோரும் சைக்கிளில் வந்தோம். லுமாலா சைக்கிளைத் தேடிக் கடை கடையாகத் திரிந்தவர்கள் உண்டு. வீட்டுக் கோடியில் கிடந்த பழைய றலி சைக்கிளுக்கு ரியூப் மாற்றி எடுத்து வந்தவர்களும் உண்டு. கஷ்டமான காலம்தான். ஆனால் எனக்கு ஒன்று பிடித்திருந்தது, அதைச் சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது: காலையில் வாசலில் ஒரே உயரத்தில் எல்லோரும் வந்து இறங்கினோம். செயலாளரும் வந்தார், நூலகரும் வந்தார், அலுவலக உதவியாளரும் வந்தார். யாழ்ப்பாணம் மேடு பள்ளம் இல்லாத தட்டை நிலம். சைக்கிளுக்கென்றே செய்து வைத்த ஊர் மாதிரி. இந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டால் என்ன என்று அப்போதே நினைத்தேன்.

ஆனால் அந்த நினைப்பு நினைக்கக்கூடிய ஒருவனுக்கு வந்தது. எனக்கு வீடு கிட்ட. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கந்தோர்.

கூட்டம் முடிந்து சில நாட்களின் பின், தேநீர் நேரம், அவரோடு இருந்தேன். சமாதானம் செய்யப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவராகக் கதைக்கத் தொடங்கினார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளை விடாத பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது, ஸ்டார்ட் பண்ண மட்டும் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டது. இவையெல்லாம் எங்களுக்குள் பலதடவை சிரித்துச் சிரித்துக் கதைத்தவைதான். அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னது 95 ஒக்டோபர் 30. போருக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த நாள். கரியரில் தாய், ஹாண்டிலில் இரண்டு பை, மழை, உருட்ட முடியாத சனநெரிசல். சைக்கிளில் ஏறி ஓடவே இல்லை, சாவகச்சேரி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன் என்றார்.

"அந்தச் சைக்கிளை பிறகு வித்துப்போட்டன். முதல் மோட்டச் சைக்கிள் எடுத்த அண்டைக்கு அம்மா தேங்காய் உடைச்சவ."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

ஆனாலும் எனக்குள் அந்தக் கூட்டம் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் சொல்லிப் பார்க்கிறேன். உலகம் சூடாகிறது என்று சொல்லியிருக்கலாம். உண்மைதான், கரையோரத்தில் தாழ்வாகக் கிடக்கும் இந்தக் குடாநாட்டில் கிணறு உவராவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அவர் கேட்பார்: என்ர மோட்டச் சைக்கிளாலயோ சூடாகுது? அதற்கு நேர்மையான பதில் "பெரிதாக இல்லை" என்பதுதான்.

இன்னொரு பதில் இருக்கிறது. இதுதான் சரியான பதில் என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். பெற்றோல் இருக்கு எண்டு சொல்லுறியள் அண்ணை, எங்க இருக்கு? டொலர் இல்லாமல் போனதால்தானே 22 வந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் 3 பில்லியன் டொலர் அளவுக்குக் கடன் தர ஒப்புக்கொண்டது, அதன்பிறகு மூச்சு வந்தது. செட்டில் இருக்கிற பெற்றோல் கடனில் நிற்கிற பெற்றோல். இல்லாத நேரம் ஓடுவதைவிட இருக்கிற நேரம் கொஞ்சம் குறைத்தால், இல்லாத நேரம் வராமல் இருக்கலாம். நல்ல வாதம். கூட்டத்தில் சொல்லியிருந்தால் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வருமா தெரியவில்லை. நாட்டின் டொலரை யார் எப்படிச் செலவழித்தார்கள் என்பது அவருக்கும் தெரியும். அதற்கான சைக்கிளை ஓட வேண்டியவர் வீடு வளவுக்கான சோலைவரி வாங்கப் போகிற வருமானப் பரிசோதகரா?

இங்கே நான் என் பக்கத்தையும் சொல்லவேண்டும். நான் வெறும் உபதேசம் செய்யவில்லை. முன்னால் இருந்த மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தைப் பின்னுக்குத் தள்ளி, கூரையோடு கூடிய சைக்கிள் கொட்டகையை வாசலுக்குக் கிட்டக் கொண்டுவந்தோம். ஒரு பம்ப், ஒட்டுப் போடுகிற சாமான்கள், முகம் கழுவ ஒரு குழாய். விரல் அடையாள இயந்திரத்தில் புதன்கிழமை மட்டும் கால் மணித்தியாலம் விட்டுக்கொடுக்கலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். அது அரச உத்தியோகத்தருக்கான தாபன விதிக்கோவைக்கு உட்பட்ட விடயம், சபை தீர்மானிக்க முடியாது என்று பதில். 8.30 என்றால் 8.30. தீவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு அந்தக் கால் மணித்தியாலம்தான் எல்லாம். பாடசாலை நேரத்துப் பஸ்ஸில் படியில் தொங்கி வந்து, அரச பஸ்ஸான இ.போ.ச.வும் தனியாரும் முந்துகிற சண்டையில் இடையில் நின்று, விரலை வைக்கும்போது 8.33. சம்பளத்தில் தெரியும்.

உத்தியோக பூர்வப் பயணமும் இதே கதைதான். கைதடியில் மாகாணக் கூட்டம் என்றால் ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு கப் வாகனத்தில் வரும். ஏ9 வீதியில் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் சாரதியும் ஒருவரும். பக்கத்துச் சபையோடு பேசி, இரண்டு சபையும் ஒரே வாகனத்தில் போவோம் என்று ஒரு தடவை போனோம். பிறகு கணக்காய்வு ஐயவினா வந்தது: சபை வாகனத்தில் வேறு சபையின் உத்தியோகத்தர் பயணித்ததற்கான அனுமதி எங்கே, வாகன ஓட்டப் பதிவான றன்னிங் சாட்டில் ஏன் குறிப்பிடவில்லை. விளக்கம் எழுதினேன். எரிபொருள் மிச்சம் என்று எழுதியதை அவர்கள் மறுக்கவில்லை. அனுமதி எங்கே என்று மறுபடியும் கேட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு எங்கள் வாகனத்தில் நாங்கள் போனோம், அவர்களுடையதில் அவர்கள். கொழும்புப் பயிற்சிக்கு ரயிலில் போங்கள், உத்தியோகத்தருக்கு ரயில் ஆணைச்சீட்டும் இருக்கிறதே என்று சொல்லலாம் என்றால், 2023இல் அரைவருடம் அநுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் பாதை திருத்த வேலை. 24ஆம் ஆண்டில் மாகோப் பக்கம் மூடிக் கிடந்தது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆட்களின் மனசு மாறவேண்டும் என்று நான் கூட்டத்தில் கேட்டதே விசித்திரமாகத் தெரிகிறது. மனசு கடைசி விடயம். ஒரு உத்தியோகத்தர் எப்படி வேலைக்கு வருகிறார் என்பதைத் தீர்மானிப்பது வருடாந்த இடமாற்றப் பட்டியல். சேவைக்காலம் பார்க்கிறார்கள், கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்தாரா பார்க்கிறார்கள். சரி, அது நியாயம். தீவகத்து வேலணையில் இருப்பவரைத் தென்மராட்சிக்கும் சாவகச்சேரியில் இருப்பவரைத் தீவகத்துக்கும் அனுப்பிவிட்டு, புதன்கிழமை சைக்கிளில் வாருங்கள் என்றால்? வேலணைக்காரர் ஒருவர் உண்மையாகவே முயன்றார். காலையில் பரவாயில்லை சேர், சோளகக் காத்து முதுகில தள்ளும், பின்னேரம் பண்ணைப் பாலத்தில அதே காத்து நெஞ்சில நிக்குது என்றார். அந்தக் கடல்வெளியில் எதிர்காற்றுக்கு மிதித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெண் உத்தியோகத்தர்களிடம் தனியாகக் கேட்டபோது வேறொன்று வந்தது. ஒரு பிள்ளை, முகாமைத்துவ உதவியாளர், ஸ்கூட்டியில் வருபவர். "சைக்கிளில வந்தா சனம் என்ன, ஸ்கூட்டியை வித்துப்போட்டீங்களோ, வீட்டில ஏதும் பிரச்சினையோ எண்டு கேக்கினம் சேர். 22ல ஒருத்தரும் கேக்கேல்லை." எனக்கு அது பெரிய வெளிச்சமாக இருந்தது. எல்லோரும் ஓடினால் அது காலத்தின் கஷ்டம். ஒருவர் மட்டும் ஓடினால் அது அவருடைய கஷ்டம். அந்தப் பிள்ளையின் தாயார் சேலை கட்டிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் படிப்பிக்கப் போனவர். அந்தக் காலத்தில் அப்படித்தான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் சுகாதாரத் தொழிலாளர்கள் எப்போதுமே சைக்கிளில்தான் வருகிறார்கள். தடைக்கு முன்னும் பின்னும், கியூஆருக்கு முன்னும் பின்னும். அவர்களை அந்தக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை. உத்தியோகத்தர் கூட்டம் அல்லவா. புதுக் கொட்டகை கட்டிய பிறகும் அவர்கள் தங்கள் சைக்கிள்களைப் பின்மதில் ஓரம் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுத்தான் வந்தார்கள். முன்னுக்கு விடுங்கோ, இது உங்களுக்கும்தான் என்று நான் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. சொன்ன பிறகும் சிலர் வேப்பமரத்தை விடவில்லை.

புதன்கிழமை என்ன ஆனது என்று கேட்டால், செத்துப்போகவில்லை, உயிரோடும் இல்லை. கிட்ட இருப்பவர்கள் வருகிறார்கள், வேறு நாளிலும் வருகிறார்கள். அவர்கள் முன்மொழிவு இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள் என்று என் மனைவி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் கூரை இல்லாவிட்டால் மாரிகாலத்தில் வந்திருப்பார்களா என்பது என் கேள்வி.

பரிசோதகர் அண்ணையும் இடைக்கிடை சைக்கிளில் வருவார். என்னைக் கண்டால் தூரத்திலேயே தொடங்கிவிடுவார்: "சேர், நீங்கள் சொன்னதெண்டு நினைக்காதேங்கோ, மோட்டச் சைக்கிள் கராச்சில." நானும் "தெரியும் அண்ணை" என்பேன். கராச்சில் நிற்கிற அந்த மோட்டார் சைக்கிள் சில கிழமைகளில் ஓர் இரவுக்குள் திருந்திவிடும், சில கிழமைகளில் திருந்துவதே இல்லை. நான் அதைப் பற்றி விசாரிப்பதில்லை.

2025 மே தேர்தலுக்குப் பிறகு, இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் இருந்த சபைக்குப் புதிய தவிசாளர், புதிய உறுப்பினர்கள். பாதீட்டு வேலைகளின்போது கொட்டகையை இன்னும் கொஞ்சம் நீட்டுவதற்கு ஒரு சிறு தொகை போட்டிருந்தேன். இளம் உறுப்பினர் ஒருவர் பிடித்துக்கொண்டார். என்ர வட்டாரத்தில ஒழுங்கை முழுக்கக் கிடங்கு, உத்தியோகத்தரின்ர சைக்கிளுக்குக் கூரையோ என்று கேட்டார். நியாயமான கேள்வி, அந்த ஒழுங்கையில் சைக்கிளும் ஓடமுடியாது என்பது எனக்கும் தெரியும். நான் கணக்கைத் திறந்து, இந்தக் காசுக்கு ஒழுங்கை எத்தனை அடி வரும் என்று சொல்லத் தொடங்கினேன். சோலைவரி விபரங்களோடு பின்னால் இருந்த அண்ணை இடையில் புகுந்தார்.

"குடுங்கோ ஐயா, பெரிய காசில்லை. மழைக்குச் சீற் நனைஞ்சா ஆர் ஓடுவினம்?"

தொகை நிறைவேறியது. வெளியே வரும்போது நன்றி சொல்லலாம் என்று பார்த்தேன். அவர் அதற்குள் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.