கேமிங்கும் சர்வரும் ஒரே பெட்டியில்: மதர்போர்டை லேன் எண்ணித்தான் எடுக்கணும்

ஃபைல் சர்வரும் கேமும் ஒரே மெஷினில் ஓட வேண்டும் என்றால், மதர்போர்டின் பெட்டியில் போட்டிருக்கும் டிராகன் படத்தையும் ஆர்ஜிபி விளக்கையும் விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் தளத்தில் மேனுவல் பிடிஎஃப் இலவசம். வாங்கும் முன் அதை இறக்கி, எம்.2 (சின்ன எஸ்எஸ்டி செருகும் ஸ்லாட்) பற்றிய பக்கத்தைப் படியுங்கள். "இந்த எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா 3, 4 வேலை செய்யாது" என்கிற மாதிரி ஒரு வரி அங்கேதான் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கும். நாலு சாட்டா (டிஸ்கை இணைக்கும் போர்ட்) இருக்கிறது என்று நம்பி நாலு டிஸ்க் வாங்கியவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

லேன் என்பது பிராசசரையும் கார்டு, எஸ்எஸ்டி போன்றவற்றையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் தடம். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் அதன் கணக்கு இது. ரைசன் 7000, 9000 பிராசசர்களில் நமக்குக் கிடைப்பது 24 லேன். அதில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கு, மீதி 8 பெரும்பாலும் எம்.2-வுக்கு. இது போக, சிப்செட்டுக்கு (போர்டில் போர்ட்டுகளைக் கவனிக்கும் சில்லு) தனியாக 4 லேன், ஜென் 4 (பிசிஐ எக்ஸ்பிரஸ் நாலாம் தலைமுறை) வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. சாட்டா, லான் (நெட்வொர்க் போர்ட்), மீதி ஸ்லாட்டுகள் எல்லாம் இந்த ஒரே குழாயில்தான் வருகின்றன. எக்ஸ்670ஈ, எக்ஸ்870ஈ போர்டுகளில் சிப்செட் சில்லு இரண்டு, ஆனால் இரண்டாவது சில்லு முதலாவதன் வாலில் தொங்குகிறது. போர்ட்டுகள் கூடுமே தவிர குழாய் அகலமாகாது. ரைசன் 8000ஜி வகை எடுத்தால் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கே 8 அல்லது 4 லேன்தான்.

குழாய் ஒன்று என்பதற்காகப் பயப்பட வேண்டாம். ஒரு ஹார்டு டிஸ்க் நொடிக்கு 250 எம்பி கொடுத்தாலும் எட்டு சேர்ந்து 2 ஜிபிதான். நெருக்கடி வருவது ஸ்லாட்டில். கீழே நீளமாக இருக்கும் ஸ்லாட்டைப் பார்த்து எக்ஸ்16 (16 லேன்) என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே ஒரு லேன் மட்டும் ஓடலாம். எட்டு டிஸ்குக்கு எச்பிஏ (நிறைய டிஸ்குகளை இணைக்க உதவும்) கார்டு போடுவதாக இருந்தால் ஜென் 3-இல் 4 லேனாவது வேண்டும். ஒரே லேன் என்றால் நொடிக்கு 1 ஜிபிக்கும் குறைவு, ஸ்க்ரப் (டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் படித்துப் பிழை தேடும் வேலை) ஓடும்போது எல்லா டிஸ்கும் வரிசையில் நிற்கும். எச்பிஏ ஐடி மோடில் (டிஸ்குகளை ரெய்டு ஆக்காமல் அப்படியே காட்டும் முறை) இருக்கட்டும். அந்தக் கார்டுகள் சர்வர் கேஸின் பலத்த காற்றுக்காகச் செய்தவை, வீட்டு கேஸில் ஹீட்சிங்க் மேல் 40 மிமீ விசிறி ஒன்று கட்டாயம்.

அடுத்தது இடைவெளி. ஒரு ஸ்லாட்டுக்கும் அடுத்ததற்கும் 20.32 மிமீ. மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு அடியில் இருக்கும் இரண்டை மூடிவிடும். நான்காவதில் எச்பிஏ போட்டால் விசிறிகளுக்கு மூச்சு முட்டும், ஐந்தாவது இடத்தில் ஸ்லாட் உள்ள போர்டைத் தேடுங்கள். இந்த வேலைக்கு, நாலு ஸ்லாட்டோடு நின்றுவிடும் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு எனக்குப் பிடிக்காதது இதனால்தான்.

கேமை விர்ச்சுவல் மெஷினில் (விஎம்) ஓட்டப் போகிறீர்களா? அப்படியானால் ஐஓஎம்எம்யூ குழுக்கள், அதாவது விஎம்முக்கு ஒன்றாகவே கொடுக்க வேண்டிய சாதனக் கூட்டங்கள், முக்கியம். ஒரு குழுவில் சாட்டா கன்ட்ரோலரும் லான் சில்லும் சேர்ந்திருந்தால், அந்தக் கன்ட்ரோலரை மட்டும் விஎம்முக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் லானும் கூடவே போய், ஹோஸ்ட் (விஎம்மை ஓட்டும் மெஷின்) நெட்வொர்க்கிலிருந்து காணாமல் போகும். லினக்ஸ் கெர்னலுக்கான ஏசிஎஸ் ஓவர்ரைடு பேட்ச் குழுவைப் பிரித்துக் காட்டும், உண்மையான பாதுகாப்புத் தடுப்பைத் தராது. பழைய ஏஎம்4 சாக்கெட்டின் பி550 போர்டுகளில் சிப்செட் சாதனங்கள் ஒரே குழுவில் குவிவது வழக்கம். ஆகவே அதே போர்டை வைத்திருப்பவர்கள் போட்ட குழுப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சில ஆன்லைன் கேம்களின் ஆன்டி சீட் விஎம்மைக் கண்டாலே வெளியே தள்ளும், அதற்கு எந்த போர்டும் மருந்தல்ல.

ராம் இரண்டு ஸ்டிக்காகவே வாங்குங்கள். ஏஎம்5-இல் நாலு ஸ்டிக் போட்டால் அதிகாரபூர்வ வேகம் டிடிஆர்5-3600-க்கு இறங்கிவிடும், கேம் அதை உடனே காட்டும். ஈசிசி (மெமரிப் பிழையைத் திருத்தும் வசதி) வேண்டுமென்றால் போர்டின் விவரப் பக்கத்தில் ஈசிசி யூடிம் என்று எழுதியிருக்க வேண்டும். டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே ஒரு ஈசிசி இருக்கிறதே என்பார்கள். அது சில்லுக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும், சில்லிலிருந்து பிராசசருக்கு வரும் வழியைக் காக்காது. இன்டெல் 12 முதல் 14 வரையான தலைமுறைகளில் ஈசிசிக்கு டபிள்யூ680 சிப்செட் போர்டு தேவை.

பயாஸில் எஸ்விஎம் (ஏஎம்டியில் விஎம் ஓட்டும் வசதி), ஐஓஎம்எம்யூ இரண்டையும் ஆன் செய்து, கரண்ட் போய் வந்ததும் தானே ஆன் ஆகும்படி வையுங்கள். பயாஸ் அப்டேட் இவை எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். இன்னொன்று: புதிதாக ஒரு கார்டோ என்விஎம்ஈயோ செருகினால் பிசிஐ எண்கள் நகரும், லினக்ஸில் லான் போர்ட்டின் பெயரே மாறி சர்வர் பதில் சொல்லாமல் கிடக்கும். பெயரை மேக் முகவரியோடு (லான் போர்ட்டின் மாறாத எண்) முன்கூட்டியே கட்டிவிட்டால் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.