கூரை விரியும் கேம்பிங் டிரெய்லர்: வாங்கும்போது நான் பார்ப்பது
மலேசியாவின் சுங்கை சிப்புட் மழையைத் தெரிந்தவன் முதலில் கூரையோடு விரியும் கேன்வாஸ் துணியைத்தான் தடவிப் பார்ப்பான். ஜிப் ஓரத் தையலில் கரும்புள்ளிகள் இருந்தால், ஈரத்தோடு மடித்து வைத்த வண்டி, பூஞ்சை பிடித்துவிட்டது. அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் அப்புறம்.

பிறகு குனிந்து அடியைப் பார்க்க வேண்டும். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றது மேட்டில் நிற்கும். இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

எடை விஷயத்தில்தான் மச்சானோடு வாக்குவாதம். சாமான், தண்ணீரோடு 1,200 கிலோ என்றால், அதில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 120 கிலோ, இழுவைக் கொக்கியில் அழுத்த வேண்டும். பின்பக்கம் பாரம் கூடி இது குறைந்தால், நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டும். "தண்ணித் தொட்டி பின்னால இருந்தா என்ன இப்போ?" என்கிறார். அவருக்கு மெத்தை அகலமாக இருந்தால் சரி.