இல்மிட்ஸ் ஊர்ல மூணு வாரம் ஸ்வீட் ஒயின் அறுவடைக்குப் போன அனுபவம்

சில வருஷம் முன்னாடி அக்டோபர் கடைசில ஆஸ்திரியாவுல ஹங்கேரி பார்டர் ஓரமா இருக்கிற இல்மிட்ஸுக்குப் போய் ஒரு சின்ன ஒயின் குடும்பத்துகிட்ட மூணு வாரம் வேலை செஞ்சேன். அந்த ஊரைத் தேடிப் போனதுக்குக் காரணம் அலோயிஸ் கிராஹர். முதல்ல மருந்து கம்பெனில கெமிஸ்ட்டா இருந்தவர், அப்புறம் இந்த ஊர் ஸ்வீட் ஒயினை உலகம் பூரா பேச வச்சவர், 2007ல 48 வயசுலயே இறந்துட்டார், இப்ப அவர் மகன் கெர்ஹார்ட் பாத்துக்கிறார்.

போன அன்னைக்குக் காலைல தோட்டத்துல வேலையே ஆரம்பிக்கல, ஏன்னா ஒரே பனிமூட்டம், முன்னாடி நிக்கிற ஆளே தெரியல. பக்கத்துல நாய்சீட்லர் ஏரி, அவ்ளோ பெரிய ஏரிக்கு ரெண்டு மீட்டர் ஆழம்கூட கிடையாது, அதுபோக சுத்தி நிறைய உப்புக் குட்டைங்க. அந்த ஈரத்துலதான் பொட்ரைட்டிஸ்ங்கிற பூஞ்சை திராட்சைத் தோல்ல புடிக்குது, மதியம் வெயிலும் காத்தும் வந்து தோல் வழியா தண்ணிய இழுத்துருது, இனிப்பும் புளிப்பும் உள்ளயே சுண்டிப்போய் நின்னுடுது. வெயிலே வராம பனி மட்டும் நின்னா எல்லாம் வெறும் அழுகல்தான்.

எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்தது பழம் பொறுக்குறது. ஒரே கொத்துல பச்சையா நாலு, நல்லா சுருங்கினது பத்து, கெட்டது மூணுன்னு கலந்து கிடக்கும். அந்த வீட்டுப் பாட்டி, எண்பது வயசுக்கு மேல இருக்கும், கண்ணால பாக்காத, மூக்குகிட்ட கொண்டு போன்னாங்க. நல்லதுல தேன் வாசம் வரும், கெட்டதுல வினிகர் அடிக்கும். முதல் ரெண்டு நாள் நான் பொறுக்கினதை எல்லாம் அவங்க ஒண்ணொண்ணா திரும்பப் பாத்தாங்க, ஒரு வார்த்தை கோபமா சொல்லல. கத்தரி பாகுல ஒட்டிக்கும், அப்பப்ப சுடுதண்ணில முக்கணும், நாள் முழுக்க குனிஞ்சு நின்னாலும் ஒரு வாளி நிறையாது.

அடுத்தது டிகிரி. சாறுல எவ்ளோ சக்கரைன்னு பாக்குற ஆஸ்திரிய அளவு கேஎம்டபிள்யூ. பெரன்அவுஸ்லேசேங்கிற ஸ்வீட் ஒயின் தரத்துக்கு சாறு 25 டிகிரி கேஎம்டபிள்யூ காட்டணும், அதுக்கும் மேல் தரமான ட்ரோக்கன்பெரன்அவுஸ்லேசேக்கு 30, அதாவது ஒரு கிலோ சாறுல கிட்டத்தட்ட 300 கிராம் சக்கரை. எங்களுக்கு 28தான் வந்துச்சு. மழை வரும்னு வேற சொல்லியிருந்தாங்க, இப்பவே அறுத்துட்டா கீழ் தரத்துல வித்துக்கலாம், ஆனா ஓனர் நிறுத்துங்கன்னுட்டார். நாலு நாள் வானத்தையே பாத்துகிட்டு இருந்தோம். மழை தெக்கால ஒதுங்கிடுச்சு, அஞ்சாம் நாள் 31 வந்துச்சு, பாட்டி கண்ணு கலங்கிட்டாங்க. 1985ல இங்க சில பேர் ஒயின்ல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷ கெமிக்கலைக் கலந்து மாட்டினப்ப நாட்டோட ஏற்றுமதியே படுத்துடுச்சு, ஒழுங்கா செஞ்சவங்க ஒயினையும் யாரும் வாங்கல, அதுக்கப்புறம்தான் சட்டம் இவ்ளோ கடுமையாச்சு. அதைப் பாத்தவங்களுக்கு அந்த 31ங்கிற நம்பர் எவ்ளோ பெருசுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

பிழியறதும் அவசரப்பட முடியாது, செக்குல எண்ணெய் வடியற மாதிரி நூலா இறங்குது, ராத்திரி பூரா மாத்தி மாத்தி முழிச்சிருந்தோம். வெல்ஷ்ரீஸ்லிங்ங்கிற திராட்சை ரகத்தோட சாறு ஸ்டீல் டேங்க்குக்கு, ஷார்டனே ரகம் புது ஓக் மரப் பீப்பாய்க்கு. கிராஹரும் இப்படி ரெண்டு வழில பண்ணினவர்தான், ஓக் வாசம் வேணும்கிறதுக்கு நூவெல் வாக்னு பேரு, பழ வாசம் மட்டும் நிக்கணும்கிறதுக்கு ட்ஸ்விஷன் டென் ஸேயன், ஏரிகளுக்கு நடுவுலன்னு அர்த்தம்.

பிப்ரவரில திரும்பப் போனேன். அவ்ளோ சக்கரைல ஈஸ்ட் திணறும், அதனால நொதிக்கிறது மாசக்கணக்கா இழுக்கும்னு சொல்லியிருந்தாங்க, பீப்பாய்ல காது வச்சுக் கேட்டா நிஜமாவே இன்னும் மெல்லமா பொரிஞ்சுகிட்டு இருந்துச்சு. பாட்டி ஒரு வாய் ஊத்திக் கொடுத்தாங்க, கலங்கலா, ஆப்ரிகாட் வாசத்தோட, தொண்டைல இறங்கறப்ப நல்லா புளிச்சுது. அந்தப் புளிப்பு இருந்தாதான் நாப்பது வருஷம் நிக்கும்னு சொல்லிட்டு பீப்பாய மூடிட்டாங்க.