மூச்சுக் கணக்கு

தன்னார்வத் தீயணைப்புப் பயிற்சியில் சேர்ந்த முதல் மாலையில், குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிக்கச் சொல்லித் தருவார்கள் என்றே எங்களில் பலர் எண்ணிக்கொண்டு வந்திருந்தோம். ஆனால் அன்று ஆளுக்கு ஒரு துண்டுக் கயிறுதான் கிடைத்தது. இரண்டு மணி நேரம் முடிச்சுப் போட்டோம், அவிழ்த்தோம், தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு மறுபடியும் போட்டோம், கடைசியில் கண்களை மூடிக்கொண்டு போட்டோம். நாள் முழுவதும் அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். மாடிக்கு இழுத்து ஏற்றும் கருவி பாதி வழியில் நழுவினால் அது கீழே நிற்கும் சக பயிற்சி மாணவரின் தலையில்தான் விழும் என்பது, ஒரு முறை என் முடிச்சே நழுவியபோதுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளையாக அன்று கட்டியிருந்தது ஒரு காலி வாளி.

பாடத்திட்டம் நாட்டுக்கு நாடு மாறினாலும் அதன் அடுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். தீயின் இயல்பு, பாதுகாப்பு உடை, ஏணி, குழாய், முதலுதவி ஆகியவை முதலில் வரும். அடுத்தது மூச்சுக்கருவி, அதாவது புகைக்குள் மூச்சுவிட முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரும் முகக்கவசமும். பம்ப் இயக்குதல், வாகன விபத்தில் சிக்கியவரை மீட்டல், அபாயகரமான இரசாயனங்கள், காட்டுத்தீ போன்றவை அதற்கும் பின்னால் தனித்தனிப் பயிற்சிகளாக வரும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சிலி போன்ற நாடுகளில் தீயணைப்புப் பணியின் பெரும்பகுதியைத் தன்னார்வலர்களே சுமக்கிறார்கள். ஆகவே தன்னார்வலருக்கென்று நீர்த்துப்போன ஒரு பயிற்சி போதும் என்ற பேச்சுக்கு இடமில்லை. உள்ளே வருபவர் சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்று புகை விசாரிக்கப்போவதில்லை.

தீயின் இயல்பைப் பற்றிய வகுப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புகை என்பது தீ விட்டுச்சென்ற கழிவு என்றே அதுவரை நினைத்திருந்தேன். முழுதாக எரியாத வாயுக்கள் நிறைந்த அந்தப் புகையே எரிபொருள்தான் என்பதும், கூரையடியில் திரளும் அதன் வெப்பம் 500 முதல் 600 டிகிரி செல்சியஸை எட்டும்போது அறையிலுள்ள அத்தனை பொருள்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதும் அங்கேதான் விளங்கின. மரமும் பருத்தியும் நிறைந்த பழைய பாணி அறையையும், பஞ்சு நுரையும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இன்றைய அறையையும் அருகருகே எரித்துப் பார்த்த அமெரிக்கச் சோதனை ஒன்றில், முன்னது அந்த நிலையை அடைய ஏறத்தாழ அரை மணி நேரம் எடுத்துக்கொண்டது; பின்னதற்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. தண்ணீரை வாரி இறைப்பதும் தீர்வாகாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 லிட்டராக விரியும். மூடிய அறைக்குள் கண்மண் தெரியாமல் அடித்தால் அந்த ஆவி அடித்தவரையே வேகவைத்துவிடும். குழாயின் முனையிலுள்ள நாசிலைத் திறந்து ஓரிரு நொடிகளில் மூடி, மேலே என்ன நடக்கிறது என்று பார்த்து, மறுபடியும் திறக்கும் பொறுமையை வரவழைப்பதற்கு எனக்குப் பல வாரங்கள் பிடித்தன.

ஏணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாய்வு 75 டிகிரி இருக்க வேண்டும். நான்கு மீட்டர் உயரத்துக்குச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அடிக்காலை வைத்தால் அது தானாக அமைந்துவிடும்.

பயிற்சியின் உயிர்நாடி என்று நான் கருதுவது மூச்சுக்கருவியைத்தான். பரவலாகப் புழங்கும் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 6.8 லிட்டர், அதில் காற்று அடைக்கப்படுவது 300 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நிமிடத்துக்கு ஏழெட்டு லிட்டர் போதும் என்பதால் இது ஏராளம் என்று தோன்றும். இருபது கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு, தண்ணீர் நிறைந்த குழாயை இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுபவரோ நிமிடத்துக்கு 50 லிட்டரையும் தாண்டி இழுப்பார். பயம் சேர்ந்தால் இன்னும் கூடும். திரும்பி வருவதற்கான பங்கையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உள்ளே வேலைக்கென்று மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். உள்ளே போவதற்கு எவ்வளவு காற்று செலவானதோ அதைப்போல் இரண்டு மடங்கு வெளியே வருவதற்கு இருக்க வேண்டும் என்பது ஜெர்மனியின் விதி. எங்கள் பயிற்றுநரும் அதையே மனப்பாடமாக்க வைத்தார். 280 பாரில் நுழைந்து, தீயிருக்கும் அறையை 220இல் அடைந்தால், செலவு 60. ஆகவே அழுத்தமானி 120ஐக் காட்டும்போது, தீ அணைந்திருந்தாலும் அணையாவிட்டாலும், திரும்பியாக வேண்டும்.

இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடுவதற்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பே போதும். அதையே இருட்டில், முழங்காலில் தவழ்ந்துகொண்டு, காதுக்குள் தன் மூச்சே இரைந்துகொண்டிருக்கும்போது போடுவதற்குத்தான் பயிற்சி.

எங்களுக்கு முகக்கவசத்தின் கண்ணாடியைத் துணியால் மூடி, தட்டுமுட்டுச் சாமான்கள் இறைந்து கிடந்த ஓர் அறைக்குள் இருவர் இருவராக அனுப்பினார்கள். வலக்கை சுவரை விட்டு விலகக் கூடாது, இணையை விட்டுப் பிரியக் கூடாது, வழி தவறினால் குழாயைத் தடவிக்கொண்டே வெளியே வர வேண்டும். தடவும்போது, இரண்டு குழாய்களை இணைக்கும் கப்ளிங் கைக்கு வரும். அதன் எந்தப் பாதி பம்ப் பக்கம் இருக்கும், எந்தப் பாதி தீயின் பக்கம் இருக்கும் என்பது கப்ளிங்கின் வகையைப் பொறுத்தது. சில வகைகளில் இரு பாதியும் ஒன்றுபோலவே இருக்கும். அப்போது கை எதையும் சொல்லாது. தன் நிலையத்துக் குழாயைக் கையுறையோடு தடவிப் பார்த்துப் பழகாதவர், வெளியேறுவதாக நினைத்துக்கொண்டு தீயை நோக்கியே தவழ்ந்து போகக்கூடும்.

அந்தத் தேர்வில் நான் தோற்றேன். உள்ளே சிக்கிய ஆளுக்குப் பதிலாகத் தேட வேண்டிய பொம்மையைக் கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில் அழுத்தமானியை நான் பார்க்கவே இல்லை. என் இணை இரண்டு முறை தோளைத் தட்டினார். அதை அவசரப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன். காற்று தீரப்போகிறது என்று மூச்சுக்கருவியின் எச்சரிக்கை விசில் ஊதத் தொடங்கிய பிறகுதான் வாசலைத் தேடினேன். பொம்மையை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, பாராட்டுக்காக நின்றேன் என்பதே உண்மை. வாசலில் பயிற்றுநர் ஒரு பலகையுடன் நின்றிருந்தார். உள்ளே போகும் ஒவ்வொருவரின் பெயர் வில்லையும் அதில்தான் மாட்டப்படும். நுழைந்த நேரம், நுழைந்தபோது இருந்த அழுத்தம், வெளியே வர வேண்டிய நேரம் எல்லாம் அருகில் எழுதப்படும். அவர் ஒன்றும் பேசாமல் என் பெயருக்கு எதிரே இருந்த இரண்டு நேரங்களை விரலால் காட்டினார். வர வேண்டியது 7.42க்கு. வந்தது 7.51க்கு. அந்த ஒன்பது நிமிடங்களும் என்னுடையவை மட்டுமல்ல, தோளைத் தட்டியவருடையவையும்தான்.

தன்னார்வலரின் உண்மையான சிக்கல் சான்றிதழ் வாங்கியதற்குப் பிறகே தொடங்குகிறது. முழுநேரப் பணியாளர் ஒவ்வொரு பணிமுறையிலும் கருவியைத் தொடுகிறார். எனக்கோ மாதக்கணக்கில் ஓர் அழைப்பும் வராத காலங்கள் உண்டு. அந்த இடைவெளியில் கை மறந்துவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் புத்தாக்கப் பயிற்சிகள். ஆனால் நான் போன அப்படியொரு பயிற்சியில், பம்ப் இயக்குவதைப் பற்றி மூன்று மணி நேரம் படங்களைத் திரையில் ஓட்டிவிட்டு, கடைசியில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார்கள். வெளியே பம்ப் நின்றுகொண்டுதான் இருந்தது. அதை ஒருவரும் தொடவில்லை. இணையவழி வகுப்புகளை நான் குறை சொல்ல மாட்டேன். தீயின் வேதியியலை வீட்டிலிருந்தே படிக்கலாம், வேலைக்குப் போகிறவருக்கு அது பெரிய வசதி. பம்பில் நுரைக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டு, உறிஞ்சு குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது என்று கண்டுபிடிப்பதைத் திரை கற்றுத் தராது.

பழைய பயிற்சிகளில் இல்லாத ஒரு பாடம் இப்போது சேர்ந்திருக்கிறது. தீயணைப்பாளர் பணியையே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல் வகைப்படுத்தியது. கரி படிந்த உடையைப் பெருமையின் அடையாளமாகப் பார்த்த காலம் போய், தீ அணைந்த இடத்திலேயே உடையைக் கழுவி, மூட்டை கட்டி, முகத்தையும் கழுத்தையும் துடைத்துவிட்டுத்தான் வண்டியேற வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். சொந்தக் காரில் வந்து போகும் தன்னார்வலருக்கு இது இன்னும் முக்கியம். குழந்தை உட்காரும் பின் இருக்கையில் புகை வாடை வீசும் கோட்டை வீசிவிட்டு வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன்.

மூச்சுக்கருவித் தேர்வை இரண்டாம் முறை எழுதித் தேறினேன். பொம்மை கிடைக்கவில்லை, 120 பாரில் திரும்பிவிட்டோம். இந்த வாரப் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்த இருவர் முதல் முறையாக இருட்டறைக்குள் போகிறார்கள். வாசலில் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை எனக்கு.