உறைபனிக் காலத்து இருமல்

டிசம்பர் 8

தலைக்குந்தாவில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் பக்கம் இன்னும் நீர்ப்பனிதான். ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கே விரல் விறைக்கிறது. பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிக் கம்பளிகளை எடுத்து உதறினேன். வீடு முழுக்க அந்துருண்டை வாடை. பக்கத்தில் நின்ற என் மகன், தம்பி என்றுதான் கூப்பிடுவோம், விடாமல் தும்மினான். எண்ணினேன், பதினொன்று.

ராத்திரி ஒன்றரைக்கு இருமல் தொடங்கியது. சளியே வராத வறட்டு இருமல். மூன்று மணிவரை அவனை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்து பத்து வருடம், அவனுக்கு எட்டு வயது. அவன் பேசப் பழகியதிலிருந்து ஒரு குளிர்காலமும் இருமல் இல்லாமல் கழிந்ததில்லை. போன வருடம் மட்டும் ஒரு கிளினிக்கில் ஐந்து முறை ஆன்டிபயாடிக் எழுதினார்கள். கேட்டால், "மலைக்குளிர், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். இந்த முறை அப்படியே விடப்போவதில்லை. எப்போது இருமினான், எங்கே படுத்திருந்தான், பக்கத்தில் என்ன இருந்தது, எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 11

மூன்று நாள் குறிப்பிலேயே ஒன்று பிடிபடுகிறது. காய்ச்சல் இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இருமல் குறைவு. நடுராத்திரிக்கு மேல்தான் அதிகம், விடியும் நேரத்தில் இன்னும் அதிகம். மைதானத்தில் ஓடிவிட்டு வந்தாலும் வருகிறது.

மூக்கு எந்நேரமும் நமநமக்கிறது என்கிறான். உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். தூங்கும்போது விளக்கைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். மூக்கின் குறுக்கே முடி அளவில் ஒரு கோடு விழுந்திருக்கிறது.

நான் இயற்பியல் ஆசிரியை, குளிர்காற்றை எனக்குத் தெரிந்த கணக்கில் போட்டுப் பார்க்கிறேன். 2 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய ஈரம் ஐந்தரை கிராம்தான். நுரையீரலுக்குள் 37 டிகிரியில் அதற்கு 44 கிராம் வேண்டும். மீதி முழுவதையும் மூக்கும் மூச்சுக்குழாயும் தங்கள் ஈரத்திலிருந்தே கொடுத்தாக வேண்டும். அதுதான் மூக்கு ஒழுகுவதும், பிறகு காய்ந்து எரிவதும். ராத்திரி ஹீட்டர் போட்டோம் என்றால் காற்று சூடாகிறதே தவிர ஈரம் ஒரு சொட்டும் கூடுவதில்லை. சூட்டுக்குத் தகுந்தபடி இன்னும் வறள்கிறது. இத்தனை வருடம் இதை வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு, வீட்டில் அவன் கட்டிலுக்கு நேரே ஹீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 15

லீவு போட்டுவிட்டு வேறொரு குழந்தை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். நோட்டை வாங்கி முழுவதும் படித்தார். மூக்கின் மேலிருந்த கோட்டை விரலால் தொட்டு, "ரொம்ப நாளா தேய்க்கிறான் போல, அலர்ஜி" என்றார்.

ஐந்து வயது முத்தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டார். கக்குவான் இருமலாக இருந்துவிடக் கூடாதே என்பதற்காக. போட்டாயிற்று. (நான் வேலை பார்ப்பது குன்னூரில். 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தைத் தாண்டித்தான் தினமும் பஸ் போகிறது. முத்தடுப்பூசிக்குப் பேர்போன இடம் அது.) அடுத்து, வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா என்றார். இல்லை என்றேன்.

பிறகு ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சையும் ஒரே வேகத்தில் ஊதச் சொன்னார். முள் நிமிடத்துக்கு 170 லிட்டரில் நின்றது. ஸ்பேசர் என்ற கூட்டை வாயில் வைத்து, மூச்சோடு இழுக்கும் மருந்தை, அதாவது பஃப், கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் உட்காரவைத்தார். மறுபடி ஊதினான். 215. தம்பி மூன்றாவது தடவையும் ஊதிப் பார்க்கிறேன் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கு மூச்சுக்குழாய் இறுகிக்கொண்டு இருந்திருக்கிறது, நாங்கள் கசாயம் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

ஆஸ்துமாதான், மூக்கு அலர்ஜியோடு சேர்ந்து வருவது. தினமும் காலையிலும் இரவிலும் ஒரு தடுப்பு பஃப், முடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சு இழுத்தால் மட்டும் நீல பஃப். இருமல் சிரப் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கேட்கும்போதே 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் கலப்படச் சிரப் குடித்து இறந்த குழந்தைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். படுக்கப்போகும்போது ஒரு ஸ்பூன் தேன் போதுமாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

டிசம்பர் 16

மார்கழி ஒன்று. கோயில் ஒலிபெருக்கி நாலரைக்கே எழுப்பிவிட்டது. அத்தைக்கு பஃப்பில் துளியும் உடன்பாடில்லை.

"அது பழகிடும்மா. அப்புறம் ஆயுசுக்கும் விட முடியாது. ஆடாதோடை இலையைக் காய்ச்சிக் குடு, என் புள்ளைங்க எல்லாம் அதுல வளர்ந்ததுதான்."

ஆடாதோடையை நான் குறை சொல்லவில்லை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் சளி இளக்கும் ப்ரோம்ஹெக்சினையே உருவாக்கினார்கள். ஆனால் தம்பிக்கு இளக்க வேண்டிய சளியே இல்லை, வீங்கி இறுகிய குழாய்தான் இருக்கிறது. "மாத்திரைன்னா வயித்துக்குப் போயி ரத்தத்துல கலந்து உடம்பு பூராவும் சுத்தும் அத்தை. இது நேரா நெஞ்சுக்குப் போகுது. அளவும் மைக்ரோகிராம் கணக்குதான்" என்றேன். பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

தைலம் பற்றியும் பேச வேண்டியிருந்தது. இந்த ஊரில் நீலகிரித் தைலம் இல்லாத வீடு கிடையாது. எங்கள் பாட்டில் தம்பிக்கு எட்டும் அலமாரியில் இருந்தது. சின்னப்பிள்ளை ஒரு ஸ்பூன் குடித்துவிட்டால்கூட வலிப்புவரை போகும். மேல்தட்டுக்கு மாற்றிவிட்டேன். கொதிக்கும் சட்டியை வைத்து ஆவி பிடிக்க வைப்பதையும் நிறுத்திவிட்டோம். அது கவிழ்ந்து வெந்துபோன பிள்ளையை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 22

கம்பளிகளுக்குப் பருத்தித் துணியில் உறை தைத்துவிட்டேன். வெயில் நன்றாக அடிக்கும் நாளில் மொட்டைமாடியில் காயப்போடுகிறேன். அந்துருண்டையைத் தூக்கிப்போட்டாயிற்று. விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுகிறேன். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, காலையில் இரண்டு, இரவில் இரண்டு.

சொட்டுமருந்து என்றதும் வீட்டுக்காரர் தன் பாட்டிலை எடுத்துக் காட்டினார். மூக்கடைப்புக்கு என்று மருந்துக்கடையில் வாங்கியது, நவம்பரிலிருந்து விடுகிறார். விட்டால் ஐந்து நிமிடத்தில் திறக்கிறது, ராத்திரிக்குள் முன்னைவிட மோசமாக அடைக்கிறது. அந்த வகைச் சொட்டை நாலைந்து நாளுக்கு மேல் விட்டாலே, அடைப்பு அந்த மருந்தாலேயே திரும்பத் திரும்ப வரும். முதலில் ஒரு மூக்கில் நிறுத்தி, ஒரு வாரம் கழித்து மறு மூக்கிலும் நிறுத்தச் சொன்னார் மருத்துவர். இரண்டு நாளாக மனிதர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். பாவமாக இருக்கிறது, ஆனாலும் நிறுத்திய மூக்கில் சொட்டு விட நான் விடவில்லை.

டிசம்பர் 30

இன்று புல்தரை முழுக்க வெள்ளை. செருப்பு வைத்தால் நொறுங்குகிறது. அத்தை பழக்கம்போல நெருப்புச்சட்டியில் கரி போட்டு அறைக்குள் கொண்டுவந்தார்கள். நான் எடுத்து வெளியே வைத்துவிட்டேன், குரலும் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மூடிய அறையில் கரி எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அந்தப் பயத்தில்தான் குரல் உயர்ந்தது. ராத்திரி அவர்கள் காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைக்கிறோம். தம்பிக்குக் குல்லா, சாக்ஸ். மூன்று ராத்திரியாக இருமல் ஒரே ஒரு தடவைதான்.

ஜனவரி 14

போகி. தெரு முழுக்க பாய், டயர், பழைய துணி. குளிரில் புகை மேலே ஏறாமல் வீட்டு மட்டத்திலேயே படிந்து நின்றது. தம்பியை ஒன்பது மணிவரை உள்ளேயே வைத்திருந்தேன். அப்படியும் நீல பஃப் தேவைப்பட்டது, இந்த மாதத்தில் முதல் தடவை. எங்கள் வாசலில் ஒன்றும் எரிக்கவில்லை. எரிக்க வேண்டாம் என்று முதலில் சொன்னது அத்தைதான்.

ஜனவரி 22

விடியற்காலை ஐந்துக்கு இருமல் சத்தம். பழக்கத்தில் தம்பி நெஞ்சில் கை வைத்தேன். சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறான். சத்தம் அடுப்படியிலிருந்து வந்தது.

எழுந்துபோய்ப் பார்த்தேன். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் வாயை மூடி இருமிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் முழித்துவிடக் கூடாது என்று.

"எத்தனை நாளா இருக்கு அத்தை?"

"இது வெறகுப் புகை இருமல்மா. காலைல கொஞ்ச நேரம் வரும். முப்பது வருஷமா இருக்கே."

வீட்டில் யாருக்காவது இருமல் உண்டா என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்றவள் நான். பக்கத்து அறையில் ஒவ்வொரு காலையும் கேட்ட சத்தம் என் நோட்டில் ஓர் இடத்திலும் இல்லை.

பத்து மணிக்கு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமல் என்றால் முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை. அது முடிந்ததும், ஊதிப் பார்க்கும் சோதனை. வரும் வழியில் அத்தை கேட்டார்கள்: "தம்பி ஊதினானே, 215-ஓ என்னமோ. என் வயசுக்கு எவ்வளவு வரணும்?"

இரண்டு டப்பா கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுக்கு அங்கேயே கொடுத்தாயிற்று. மற்றது நாளைக் காலை எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு, ஆழ்ந்து இருமி எடுக்க வேண்டும். ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.