ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஸ்காபரோவில் புதிதாக வந்திறங்கும் ஒரு குடும்பத்தின் கோப்பைத் திறந்ததும் பார்க்கவேண்டியது பெயர்களை. இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் பெரும்பாலும் தகப்பன் பெயர் இருக்கும். கந்தையா சிவகுமார் இங்கே 'மிஸ்டர் கந்தையா' ஆகிவிடுவார். மனைவிக்கு அவருடைய தகப்பன் பெயர், பிள்ளைகளுக்குச் சிவகுமார். ஒரு வீட்டுக்குள் மூன்று குடும்பப் பெயர்! பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் இதைக் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் காட்டி விளக்கிவிடலாம்.

ஆளை மாதக்கணக்கில் அலைக்கழிப்பது பட்டச் சான்றிதழ். அதில் வெறும் 'கே. சிவகுமார்'. தகைமையை மதிப்பிடும் நிறுவனம் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து கோப்பை நிறுத்திவைக்கும். இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டிவரும். புறப்படுவதற்கு முன்பே ஊரில் இதை முடித்துவிடுவது நல்லது. பெறுபேற்றுப் பத்திரத்திலும் ஒரு கண் வேண்டும். பல்கலைக்கழகம் முத்திரையிட்டு ஒட்டிய உறையை 'உள்ளே சரியாக இருக்கிறதா' என்று வீட்டில் பிரித்துப் பார்த்துவிடுகிறார்கள். பிரித்த உறை செல்லாது. மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. இரண்டு மூன்று உறைகளாக வாங்கி, ஒன்றைத் தொடாமல் வைத்திருக்கவேண்டும்.

வேலை செய்வதற்கு அரசு தரும் சின் (சமூகக் காப்புறுதி) இலக்கத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஒன்பது இலக்கங்களில் முதலாவது 9 என்றால் அது தற்காலிகமானது, காலாவதித் திகதி உண்டு. நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் புதிய இலக்கம் எடுத்து வேலைத்தலத்திலும் வங்கியிலும் கொடுக்கவேண்டும். மகிழ்ச்சியில் பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

முதல் வேலை அநேகமாகக் களஞ்சியத்தில், இரவில். ஊரிலிருந்து கொண்டுவந்த சப்பாத்து அங்கே உதவாது. விரலுக்கு மேல் இரும்புக் கவசமும் வெளிப்பக்கம் ஒரு சிறிய பச்சை முக்கோண அடையாளமும் இருக்கவேண்டும். கட்டைவிரல் நகமளவுதான் இருக்கும் அந்த முக்கோணம். அது இல்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைய சம்பளம் போய்விடும்.

'கையில் காசு தருகிறோம்' என்ற பேச்சை நம்பவேண்டாம். சம்பளச் சீட்டு இல்லாமல் செய்த வேலைக்கு எந்தச் சாட்சியும் இல்லை. வேலை போனால் வேலையிழப்புக் காப்புறுதிக்குக் காட்ட ஒன்றும் இராது. 4 வீத விடுமுறைப் பணமும், வாரத்தில் 44 மணித்தியாலத்துக்கு மேல் செய்ததற்கான ஒன்றரை மடங்கும் காற்றோடு போகும். 2024 ஜூலையிலிருந்து ஒன்ராறியோவில் ஆள்பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சிகளுக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். சேருமுன் அதைக் கேட்பதற்கு யாரும் கூச்சப்படக்கூடாது.

ஊரில் பதினைந்து வருடம் கணிதம் படிப்பித்தவர், விடிய விடியப் பெட்டி அடுக்கிவிட்டு, இரண்டு பஸ் மாறி காலை ஒன்பதரைக்கு புதிதாக வந்தவர்களுக்கான 'லிங்க்' ஆங்கில வகுப்பில் வந்து உட்காருகிறார். கண் சிவந்திருக்கும், கொப்பியில் எழுத்துமட்டும் அச்சடித்ததுபோல் இருக்கும். துணிவு என்ற சொல்லை இவர்களுக்குத்தான் கொடுக்கவேண்டும். அந்த வகுப்பு இலவசம், ஆனால் குடியுரிமை எடுத்தபின் சேரமுடியாது. 'வேலை கொஞ்சம் நிலைக்கட்டும், பிறகு படிக்கலாம்' என்று தள்ளிப்போட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும்.

'கனடிய அனுபவம் இருக்கிறதா?' என்ற கேள்வி எத்தனையோ பேரின் மனதை உடைத்திருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் 25 பேருக்கோ அதற்கு மேலோ வேலை கொடுப்பவர்கள் பொது விளம்பரத்தில் அதைக் கேட்க முடியாது. நேர்முகத்தில் வேறு வார்த்தையில் வரலாம். அதனால் ஊரில் பார்த்த வேலையை ரெஸ்யூமேயில் ஒளிக்காமல், எத்தனை பேரை நடத்தினார், எந்தக் கணக்கைக் கையாண்டார் என்று எண்ணோடு எழுதவேண்டும். படம், வயது, அடையாள அட்டை இலக்கம் வேண்டாம்.

களஞ்சியத்தில் வருகைப் பட்டியலைப் பார்த்து 'கந்தையா!' என்று கூப்பிடுவார்கள். செத்துப்போன தகப்பனின் பெயரை இளம் பொடியன் ஒருவன் அதட்டிச் சொல்வது நெஞ்சைக் குத்தும். 'என்னைச் சிவா என்று கூப்பிடுங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிடலாம், மாற்றிக்கொள்வார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் கடவுச்சீட்டில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல் இருக்கட்டும்.