செல்லூர் வீட்டில் ஒரு கிளெமென்டி

மகள் கீபோர்டில் இசையமைப்பாளர் கிளெமென்டியின் ஓபஸ் 36 என்ற தொகுப்பில் முதல் சொனாட்டினாவை (சின்ன பியானோ படைப்பு) எடுத்து மூன்று வாரம் ஆகிறது, இப்போது எங்கள் தெரு பால்காரர்கூட அந்த ஆரம்பத்தை முணுமுணுத்துக்கொண்டேதான் பால் ஊற்றுகிறார். 1797-இல் வெளியானது. முதல் பகுதி அலெக்ரோ, அதாவது வேகமான நடை, மொத்தமே 38 பார்தான் (தாளக் கட்டம்), ஆனால் ஸ்கேல், அதாவது வரிசையான ஸ்வரங்கள், ஓடும் இடத்தில் கட்டைவிரலைச் சரியாக அடியில் நுழைக்காவிட்டால் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த கதைதான். நடுவில் திடீரென்று சி மைனர் என்ற சோகமான ஸ்கேலுக்குப் போய் முகம் வாடுமே, எனக்குப் பிடித்ததே அந்த எட்டு பார். அப்புறம் முதல் மெட்டு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இறங்கித் திரும்பி வரும். இவளோ பழக்கதோஷத்தில் மேலேயே வாசித்துவிட்டு, "அதே பாட்டுதானேப்பா" என்கிறாள். மெதுவாக வாசி என்றால் கேட்டால்தானே!